தொழுகைக்கூடத்துக்குள் நூலகம்: ஸமோஷ்ச் போனவர்கள் உண்டா?

ஏடுதேடி:
நூலகவியல் படிக்கிறேன். போலந்தின் ஸமோஷ்ச் நகரில், 1610-களில் எழுந்த யூதத் தொழுகைக்கூடம் போருக்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பொது நூலகமாக இருந்ததாம். தொழுதவர்கள் கொலையுண்டு போன இடத்தில் புத்தக அலமாரிகள். படித்ததிலிருந்து மனசு ஒப்பவில்லை. நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

லுப்ளின்வாசி:
லுப்ளினில் வேலை பார்க்கிறேன், போன மார்ச்சில் பேருந்து பிடித்துப் போனேன். உள்ளே நுழைந்ததும் தலை தானாக மேலே போகும். வளைகூரை முழுக்கச் சுண்ணச் சாந்தில் பூவேலை. அப்புறம் கிழக்குச் சுவரில், தோரா (யூதர்களின் மறைநூல்) சுருள்கள் வைக்கும் கல் மாடம், இருபுறமும் செதுக்குத் தூண்களோடு. அந்த மாடத்தின் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றேன். சுருள் இல்லை, வெறும் குழிவு.

ஊரை 1580-இல் நிறுவிய யான் ஸமோய்ஸ்கி, 1588-இல் செஃபார்டி யூதர்கள், அதாவது ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்தவர்கள், குடியேற உரிமை கொடுத்தார். சில பத்தாண்டுகளில் அவர்கள் இடத்துக்கு அஷ்கெநாசி யூதர்கள், அதாவது நடு, கிழக்கு ஐரோப்பிய மரபினர், வந்தார்கள். 1939-இல் ஊரில் சுமார் 12,000 யூதர்கள். ஜெர்மானியர்கள் உள்ளே இருந்ததை நொறுக்கித் தச்சுப் பட்டறை ஆக்கினார்கள். 1942 ஏப்ரலிலிருந்து மக்களை பெல்ஸெட்ஸ் கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை.

நூலகம் வந்தது 1950-களின் கடைசியில். உங்களுக்கு உறுத்துவது புரிகிறது, ஆனால் நூலகத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பட்டறையாகவோ கிடங்காகவோ விட்டிருந்தால் அந்தப் பூவேலை மிஞ்சியிருக்குமா? யூதர்கள் கிழிந்த புனித ஏட்டைக்கூட எரிக்க மாட்டார்கள், எடுத்து வைத்திருந்து மண்ணில் அடக்கம் செய்வார்கள். தொழுகைக்கூடத்தை அஷ்கெநாசி யூதர்களின் பேச்சுமொழியான இத்திய மொழியில் (Yiddish) ‘ஷூல்’ என்பார்கள், பள்ளிக்கூடம் என்றே பொருள். அந்த வீட்டில் புத்தகம் இருந்தது தவறில்லை. இது யார் வீடு என்று படிக்க வந்த பிள்ளைக்கு ஒருவராவது சொன்னார்களா என்பதுதான் என்னை அரிக்கிறது.

டான்யூப்_கரை:
ஹங்கேரியின் பாயா ஊரிலும் இதே கதை. 1845-இல் கட்டிய தொழுகைக்கூடம், 1985 முதல் நகர நூலகம், இன்றும் அப்படித்தான். போலந்தில் ஸ்ட்ஷிஷூஃப், யூஸெஃபூஃப் ஊர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏடுதேடி:
நன்றி. ஸமோஷ்ச் கட்டடம் இப்போது யார் கையில்?

லுப்ளின்வாசி:
2000-களில் நூலகம் காலி செய்தது. போலந்தின் யூத மரபுரிமைப் பாதுகாப்பு அறக்கட்டளை புதுப்பித்து 2011 ஏப்ரலில் திறந்தது. இப்போது அந்த ஊர் யூதர்களின் வரலாற்றைச் சொல்லும் கண்காட்சி இருக்கிறது. இருக்கும் தெருவின் பெயர் பெரெட்ஸ் தெரு. 1852-இல் இதே ஊரில் பிறந்த இத்திய மொழி எழுத்தாளர் இ. லெ. பெரெட்ஸ் பெயர்தான் அது. உங்கள் ஊர் நூலகத்தில் அவர் கதை ஏதாவது கிடைத்தால் ஒன்றையாவது படித்துவிட்டுப் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள், கிழக்குச் சுவர் ஜன்னல் வெளிச்சத்தில்தான் கூரைப் பூவேலை நன்றாகத் தெரிந்தது.