அண்டர்வோல்ட் செய்த (வோல்டேஜைக் குறைத்த) கிராஃபிக்ஸ் கார்டு லேசான வேலையில் மட்டும் கிராஷ் ஆகி விழுகிறது

ஆர்டிஎக்ஸ் 3070 கிராஃபிக்ஸ் கார்டு. இரண்டு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 650 வாட் பவர் சப்ளை, விண்டோஸ் 11. இருப்பது மதுரையில், ஏசி இல்லாத மாடி அறை. மதியம் கேம் விளையாடினால் கார்டு 81 டிகிரியைத் தொடும், ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும்.

போன வாரம் கார்டை டியூன் செய்யும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கண்ட்ரோல் எஃப் அழுத்தி, எந்த வோல்டேஜில் எந்த கிளாக் வேகம் என்று காட்டும் கர்வில் 900 மில்லிவோல்ட்டை 1905 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, அதற்கு மேலே எல்லாவற்றையும் தட்டையாக்கினேன். 220 வாட் 165 ஆனது, சூடு 69 டிகிரி. எஃப்பிஎஸ் (வினாடிக்கு வரும் ஃபிரேம்கள்) அப்படியே இருக்கிறது. சந்தோஷம்தான்.

ஆனால் கேமைத் திறந்து மெனுவில் நிற்கும்போதோ, லோடிங் திரையிலோ ஸ்கிரீன் கறுத்து, கேம் மூடிக்கொள்கிறது. விண்டோஸ் பிழைகளைப் பதிவு செய்யும் ஈவென்ட் வியூவரில் 4101, அதாவது டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்காமல் நின்று மீண்டது. கார்டுக்கு முழு லோடு கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றும் ஆவதில்லை!

டிரைவர் நீக்கும் கருவியான டிடியு போட்டு டிரைவரைச் சுத்தமாக நீக்கி மறுபடி போட்டேன். மெமரி ஓவர்கிளாக் பிளஸ் 500-ஐ பூஜ்யமாக்கினேன். பவர் கேபிளை மாற்றினேன். ஸ்டாக்கில் (கம்பெனி அமைப்பில்) வைத்தால் மூன்று நாளும் ஒரு தடவைகூட விழவில்லை.

ஒன்று கவனித்தேன்: கார்டு 45 டிகிரியில் இருக்கும்போது கிளாக் 1935 காட்டுகிறது, சூடானதும் 15, 15 ஆக இறங்கி 1905-க்கு வருகிறது. விழுவதெல்லாம் அந்த 1935-ல்தான். கர்வை நான் அமைத்தது கேம் ஓடி, கார்டு நன்றாகச் சூடான பிறகு.

அப்படியானால் கார்டு குளிர்ந்திருக்கும்போதே கர்வை அமைத்தால் இது சரியாகுமா, இல்லை 925 மில்லிவோல்ட்டுக்கு ஏற்றித்தான் ஆக வேண்டுமா?