கூட்டக் குறிப்பில் ‘ஆர்க்யூ’ என்று எழுதலாமா?

ஏற்காட்டு எழுத்தர்:
காப்பித் தோட்ட அலுவலகமொன்றில் பணிபுரிகிறேன். பழம் பறிப்புத் தொடங்குமுன் கூலி குறித்துத் தொழிற்சங்கத்தாருடன் நடந்த கூட்டத்தின் குறிப்பைத் தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும். டிஸ்கஸ், டிபேட், ஆர்க்யூ, நெகோஷியேட் ஆகியவற்றில் எது பொருந்தும்? ‘யூனியன் ஆர்க்யூடு’ என்றால் சங்கத்தார் சண்டையிட்டதாகப் பொருள்படுமா?

அஸ்தம்பட்டி ஆசிரியர்:
அச்சொல்லுக்குப் பின்னால் வருவதைப் பொறுத்தது. ‘ஆர்க்யூ வித்’ என்று ஆளைச் சேர்த்தால் பெரும்பாலும் வாய்ச்சண்டை. ‘ஆர்க்யூ தட்’ என்று தொடர்ந்தால் காரணம் காட்டி வாதிட்டார்கள் என்பதே பொருள், அதில் கோபம் இல்லை. டிபேட் என்பது சட்டமன்றத்தில் போல எதிரெதிர் அணிகள் முறைப்படி பேசுவதற்கு உரியது. உங்கள் கூட்டத்துக்கு வேண்டாம். டிஸ்கஸ் என்பது முடிவு எட்டப்படாவிட்டாலும் ஒரு பொருளைப் பல கோணங்களில் அலசுவது. அதன்பின் ‘அபௌட்’ சேர்க்காதீர்கள். ‘டிஸ்கஷன் அபௌட்’ என்ற பெயர்ச்சொல் வழக்கு சரியாக இருப்பதால்தான் வினைச்சொல்லிலும் அது ஒட்டிக்கொள்கிறது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி:
கூலி பேசியதற்கு நெகோஷியேட்தான் சரி. இரு தரப்பும் விட்டுக்கொடுக்க ஏதேனும் வைத்திருக்கும்போது வரும் சொல் அது. கொலுசின் செய்கூலி குறித்து வெளிமாநில வியாபாரிகளுக்கு எழுதும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ‘நெகோஷியேட்டட் வித் தி பையர்’ என்றால் பேச்சு நடந்தது, அவ்வளவே. ‘நெகோஷியேட்டட் எ டிஸ்கவுண்ட்’ என்றாலோ தள்ளுபடி கைக்கு வந்துவிட்டது. கூலி இன்னும் படியவில்லையென்றால் இரண்டாவது அமைப்பைத் தவிருங்கள்.

சேலம் வழக்கறிஞர்:
‘கன்சல்ட்’ என்பதையும் எச்சரிக்கையாகக் கையாளுங்கள். கருத்துக் கேட்பதே அதன் பொருள். கேட்டவர் அதன்படி நடக்க வேண்டும் என்பதில்லை. நீதிபதிகள் நியமனம் பற்றிய அரசியலமைப்புப் பிரிவுகளில் வரும் ‘கன்சல்டேஷன்’ இசைவைக் குறிக்காது என்று 1981-இல் சொன்ன உச்ச நீதிமன்றமே, 1993-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வில் அதை மாற்றி, தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்றது. ஒரு சொல்லுக்கு இத்தனை பாடு! ஆனால் அது அந்தப் பிரிவுகளுக்கான விளக்கம். அலுவலகக் கடிதத்தில் சாதாரணப் பொருளே நிற்கும். ஆகவே ‘கன்சல்டட் தி யூனியன்’ என்று எழுதினால், கூலியை நிர்வாகமே முடிவு செய்யும், சங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டது என்றே தலைமை அலுவலகம் படிக்கும். குறிப்பில் கையெழுத்திடும் சங்கத்தார் அதற்கு ஒப்பமாட்டார்கள்.