நாலு ஜா சக்கில் படகு ஷாப்டு: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

மண்டபம் பட்டறைக்காரர்:

நம்மளது லேத் (கடைசல்) பட்டறை. லேத்துல வேலைப் பொருளைக் கவ்விச் சுத்துற பிடிதான் சக், அதோட கவ்வுற தாடைதான் ஜா. மீன்பிடித் தடைக்காலம் வந்தாத்தான் எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு எல்லாம் கரையில. அந்த 61 நாளுக்குள்ள அத்தனை பேருக்கும் ஷாப்டு (புரொப்பல்லரைச் சுத்துற தண்டு), புஷ் (அந்தத் தண்டு உள்ள சுத்துற உருளைக் கூடு), புரொப்பல்லர் வேலை முடிஞ்சாகணும். அப்படி வந்த ஒரு ஷாப்டு பத்தி எழுதுறேன்.

"தம்பி, புரொப்பல்லர் ஏறுற கூம்பு முனை, அதான் டேப்பர், அதை வேற இடத்துல சீவி வாங்குனேன். அன்னையிலேர்ந்து எஞ்சினை ஏத்துனா பின்னாடி கிடுகிடுன்னு உதறுது. ஷாப்டைச் சுத்தித் தண்ணியை அடைக்கிற கிளாண்டுக் கயிறு மாத்தி மாத்திப் போட்டும் தண்ணி நிக்கல"ன்னார் படகுக்காரர்.

V மாதிரிப் பள்ளம் உள்ள வி பிளாக்கில் வெச்சு உருட்டிப் பார்த்தேன். உடம்பு நேராத்தான் இருக்கு, டேப்பர் மட்டும் டயல்ல (ஆட்டம் அளக்கிற முள் கருவி) 40 கோடு ஆடுது. ஒரு கோடு 0.01 மி.மீ. ஆக ஆட்டம் 0.4, நடு விலகினது அதுல பாதி, 0.2. காரணமும் ஷாப்டு மேலேயே இருந்துச்சு: கிளாண்டுக் கயிறு அரிச்ச பள்ளத்துல ஜா கடிச்ச தடம். ஒரு பக்கமாத் தேய்ஞ்ச இடத்தை, ஜா எல்லாம் ஒண்ணா நகர்ற மூணு ஜா சக்கில் பிடிச்சா, சக் அந்தத் தேய்மானத்துக்குத்தான் நடு பிடிக்கும், ஷாப்டுக்கு இல்ல.

ஜா தனித்தனியா நகர்ற நாலு ஜா சக்கை மாட்டினேன். ஷாப்டு நீளத்தை, சக்கைச் சுத்துற ஸ்பிண்டில் துளைக்குள்ள விட்டு, பின்வாயில மர ஆப்பு வெச்சு நடுவாக்கி, டேப்பர் பக்கம் ஒரு அடி வெளிய நிக்கிற மாதிரி பிடிச்சேன். ஜாவுக்கு அடியில செம்புத் தகடு. முதல்ல சாக்பீஸ் உரசுற இடத்தைப் பார்த்து உத்தேசமா நடுவாக்கி, அப்புறம் டயல் வெச்சுச் சரியாப் பார்க்கணும். டயல் முனை தேயாத இடத்துல உட்காரணும், இதுதான் முக்கியம். எதிரெதிர் ஜா ரெண்டையும் ஒரு சோடியா எடுத்துக்கங்க. ஒரு பக்கம் 0, எதிர்ப்பக்கம் 30 காட்டினா, முள்ளை 15க்குக் கொண்டு வரணும். முழுசையும் தள்ளினா ஆட்டம் மறுபக்கம் போயிரும். தாழ்ந்த பக்கத்து ஜாவை லேசா இளக்கி, உயர்ந்த பக்கத்தை முறுக்கணும். அப்புறம் அடுத்த சோடி.

சக் ஓரத்துல முள் நின்னுருச்சுன்னு டூலை (சீவுற உளியை) எடுத்துராதீங்க. டயலை அந்தக் கோடிக்கு, டேப்பர் ஆரம்பிக்கிற இடத்துக்குத் தள்ளிப் பாருங்க. எனக்கு அங்க 12 கோடு ஆடுச்சு. இதுக்கு ஜாவைத் தொடக் கூடாது. செம்புச் சுத்தியால உயர்ந்த பக்கத்துல மெல்லத் தட்டணும். தட்டினா சக் பக்கம் கொஞ்சம் கலையும், திரும்ப அங்க, திரும்ப இங்க. பொறுமை இல்லாதவன் இந்த வேலைக்கு வரக்கூடாது. ரெண்டு இடத்துலயும் 2 கோட்டுக்குள்ள வந்தப்புறம்தான் சீவினேன். டேப்பரைச் சீவினா புரொப்பல்லர் கொஞ்சம் உள்ள ஏறும், புரொப்பல்லருக்கும் படகுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியையும் பார்த்துக்கங்க.

கீழக்கரையிலிருந்து:

நல்ல பதிவுண்ணே. ஆனா மூணு ஜா சக்கை ரொம்பத் தாழ்த்திப் பேசாதீங்க. நம்ம பக்கம் உப்புக் காத்துல சக்கு உள்ள துரு பிடிச்சு, இரும்புச் சுருளும் பொடியும் சேர்ந்து அடைச்சிருக்கும். கழட்டி மண்ணெண்ணெய்ல கழுவி, ஜாவை 1, 2, 3 வரிசைப்படி போட்டாலே பாதி ஆட்டம் குறையும். வரிசை மாறினா நடுவே வராது. கிரீஸை அப்பாதீங்க, பொடி ஒட்டிக்கும். லேசா எண்ணெய் போதும். புஷ் வேலைன்னா நான் வெளிப்பக்கம், துளை ரெண்டையும் ஒரே பிடியில முடிச்சுட்டு, அப்புறம்தான் தனியா வெட்டி எடுப்பேன். ஜாப்பை (வேலைப் பொருளை) கழட்டித் திருப்பினாத்தானே சென்டர் பார்க்கிற தொல்லை?

தொண்டியிலிருந்து:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொல்றது சரி. மண்டபம் அண்ணே, எங்கிட்ட டயலே இல்ல, என்ன பண்றது? இன்னொண்ணு, சக்கை முறுக்குற கீயை, கையை எடுத்தா தானா வெளிய வந்துர்ற ஸ்பிரிங் போட்ட கீயா மாத்துங்கப்பா. கீ சக்குலயே இருக்க சுவிட்சைப் போட்டு, அது பறந்து ஓட்டுக்கூரையைத் தொளைச்சதைப் பார்த்தவன் நான்.

மண்டபம் பட்டறைக்காரர்:

டயல் இல்லன்னா டூல் முனையை ஜாப்புக்குப் பக்கத்துல கொண்டு போய், கையால சக்கைச் சுத்தி, இடையில சிகரெட் பேப்பர் சிக்குற இடத்தைப் பாருங்க தம்பி. புஷ்ஷுக்கு அது போதும். ஷாப்டுக்குப் போதாது. இந்தத் தடைக்கால வேலைக் காசுல முதல்ல ஒரு டயலை வாங்கிருங்க, அதுக்கு மேக்னெட் ஸ்டாண்டும் சேர்த்து.