சூட்கேஸுக்குள் வந்த படங்கள்

எங்கள் வீட்டில் 2009க்கு முந்திய படம் ஒன்றுகூட இருக்கவில்லை. வன்னியில் பல வீடுகளில் இதுதான் நிலைமை. அல்பங்கள், அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு உரப்பைக்குள் போட்டுக் கட்டி, கடைசிப் போரில் முள்ளியவளையிலிருந்து வெளிக்கிட்ட நாள் முதல் இடத்துக்கு இடம் தூக்கிக்கொண்டு திரிந்தோம். மாத்தளனுக்குக் கிட்ட எந்தப் பதுங்குகுழியில் அது விடுபட்டது என்பதில் அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் இன்றுவரை ஒத்த கருத்தில்லை. அந்தச் சித்திரையிலேயே அப்பாவும் போய்விட்டார். எனக்கு அப்போது பதினாறு வயது.

விடுமுறைக்கு வந்த சொந்தங்களைப் பற்றி எழுத வந்துவிட்டு இதில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

மாமா 1989 இல் கனடா போனவர். போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்த பிறகு, 2003 இல் மூன்று நாள் வந்து நின்றார். 2015 இல் வந்தபோது யாழ்ப்பாணத்தில் ஹோட்டலில் அறை எடுத்திருந்தார். காலையில் வானில் வந்து, மத்தியானம் சாப்பிட்டு, பின்னேரமே திரும்பிப் போனார். அன்றைக்கு அம்மம்மா படலையடியில் நின்று வான் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இப்போதும் மனதில் இருக்கிறது. குறை ஒன்றும் சொல்லவில்லை. "பிள்ளையளுக்கு எங்கடை கிணத்துத் தண்ணி ஒத்துவராது போல" என்று மட்டும் சொன்னார்.

2024 இல் மாமாவே போன் எடுத்து, "இந்த முறை அம்மாவோடைதான் நிக்கப்போறம், எல்லாரும்" என்றார். எல்லாரும் என்றால் கனடாவில் இருந்து மாமா குடும்பம், லண்டனில் இருந்து சின்னம்மா குடும்பம், பாரிஸில் இருந்து பெரியம்மாவின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். எங்களோடு சேர்த்து இருபத்தொன்பது பேர். லண்டனில் பள்ளிக்கூடம் விட்டதும் வெளிக்கிட்டு யூலை 27 ஆம் திகதி வந்து சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 8 வரை நின்றார்கள்.

ஏற்பாடுகளைப் பற்றி நீட்டி எழுதவில்லை. அந்த மாதத்தில் எங்கள் பக்கம் மழை கிடையாது, கிணறு கீழே போய்விடும், சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். இரண்டாவது மலசலகூடம் ஒன்று கட்டினோம், தண்ணீர்த் தாங்கி ஒன்று வாங்கினோம். இரவில் ஆண்களும் பொடியன்களும் முற்றத்தில் பாய் போட்டு நுளம்பு வலைக்குள் படுத்தார்கள். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். வந்தவர்கள் முதல் நாளே சமையலுக்கு முறை போட்டுக்கொண்டார்கள். சின்னம்மா என்னிடம், "நீ வருசம் முழுக்க அம்மாவைப் பார்க்கிறனி. இந்தப் பதின்மூன்று நாளும் குசினிக்குள்ளை வரக்கூடாது" என்றார். முழுதாக வராமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் அப்படி ஒரு சொல்லை எனக்கு அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. ஊரில் நிற்கிற ஒரு பெண்ணின் முதுகில்தான் இப்படியான ஒன்றுகூடல் முழுவதும் ஏறுகிறது. வருகிறவர்கள் அதைக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, படங்களுக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் முதலாம் திகதி, வியாழக்கிழமை, கூழ் காய்ச்சினோம். விடியற்காலையில் அண்ணா முல்லைத்தீவுக் கரைக்குப் போய் மீனும் நண்டும் இறாலும் வாங்கிவந்தார். ஒடியல் மாவின், அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவின், காறல் போவதற்காக அம்மா அதைத் தண்ணீரில் ஊறவிட்டு வடித்து வைத்திருந்தார். முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பெரிய கிடாரம் ஏற்றி, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை எல்லாம் போட்டு, அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் கரைத்துவிட்டபோது பக்கத்து வளவில் இருந்த பிள்ளைகளும் வேலியடிக்கு வந்துவிட்டார்கள். கூழ் குடிக்க மாமா பனையோலையில் பிளா கோலினார். முப்பத்தைந்து வருடம் பனை இல்லாத நாட்டில் இருந்த மனிதரின் கை அதை மறக்கவே இல்லை. பாரிஸில் பிறந்த பத்து வயதுப் பொடியன், தமிழ் விளங்கும், பேச வராது, மூன்றாவது பிளாவை நீட்டிக்கொண்டு நின்றான். மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தண்ணீர் ஓடியது. வாய் மட்டும் நிற்கவில்லை.

குடித்து முடித்து எல்லோரும் மாமரத்துக்குக் கீழே சாய்ந்திருந்த நேரத்தில் மாமா உள்ளே போய் ஒரு சின்னச் சூட்கேஸைக் கொண்டுவந்து அம்மம்மாவுக்கு முன்னால் வைத்தார். நான் சொக்லேட் என்று நினைத்தேன். திறந்தால் உள்ளே முழுக்கப் படங்கள்.

அம்மம்மாவே அனுப்பிய படங்கள். தொண்ணூறுகளில் வவுனியாவைத் தாண்டிக் கொழும்புக்குப் போகிற யாராவது ஒருவர் கையில் கொடுத்து, அவர் அங்கே தபாலில் போட்டு, மாதக்கணக்கில் அலைந்து கனடா போய்ச் சேர்ந்தவை. மாமா ஒன்றையும் எறியவில்லை. கடித உறைகளும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அம்மம்மாவின் கையெழுத்து, எழுத்துப் பிழைகளோடு. "மருமகன் புது லான்மாஸ்டர் எடுத்தவர்." "சிவலைப் பசு கண்டு போட்டது." ஒன்றில் என்னைப் பற்றி: "இவள் சரியான குழப்படி. முன்பல்லு இரண்டும் விழுந்திட்டுது."

அதில் அப்பா இருந்தார். லான்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் கைபிடியைப் பிடித்தபடி, சாரத்தை மடித்துக் கட்டி, மீசை இல்லாமல். எனக்கு மீசை வைத்த அப்பாவைத்தான் தெரியும். அந்தப் படத்தில் அவர் என்னைவிட இளையவராக இருந்தார். என் மகளுக்கு ஆறு வயது. அம்மப்பா என்று ஒருவர் இருந்ததைக் கதையாக மட்டும் கேட்டவள். அவள் படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "மாமாவின்ரை காது" என்றாள். எல்லோரும் திரும்பி அண்ணாவின் காதைப் பார்த்தோம். உண்மைதான். அதே காது. எங்களில் ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

அம்மா அன்று அழவில்லை. நாலாம் திகதிதான் அழுதார். அன்று ஆடி அமாவாசை. தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருக்கிற நாள். பதினைந்து வருடம் நாங்கள் படமில்லாமல், விளக்கை மட்டும் வைத்துப் படைத்தோம். இந்த முறை லான்மாஸ்டர் படத்தை ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெருப்பித்து, சட்டம் போட்டு வைத்தோம். காலையில் கடலில் முழுகிவிட்டு வந்து, காத்தோட்டிக்காய்க் கறியோடு படையல் போட்டபோது அம்மா படத்துக்கு முன்னால் இருந்துவிட்டார். மாமா பக்கத்தில் போய் இருந்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

ஒரு படத்தில் மட்டும் ஒருவருக்கும் தெரியாத ஒரு பெண் இருந்தார். எங்கள் கிணற்றடி, மூன்று வயதுப் பிள்ளையாக நான் அவர் மடியில். பின்னால் ஒன்றும் எழுதவில்லை. அம்மம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே வெளிக்கிட்டபோது வன்னிக்கு வந்து, எங்கள் வளவில் கொட்டில் போட்டு இருந்த குடும்பத்துப் பிள்ளையாம். "உன்னை இடுப்பாலை இறக்கமாட்டாள். அவளுக்கும் ஒரு பிரதி குடுக்கவேணும்" என்றார். எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். "தேடு" என்றார்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிற பழைய படங்களைக் கொண்டுவாருங்கள். எங்களிடமிருந்து உங்களுக்கு வந்தவைதான், இப்போது எங்களிடம் இல்லை. பிளாஸ்ரிக் தாள் அல்பத்தில் ஒட்டிப்போனதை உரிக்கப் பார்க்காதீர்கள், படம் கிழிந்துவிடும். அப்படியே வைத்துப் போனில் படம் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். பெயர் எழுதுவதானால் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள், பேனை மை முன்பக்கத்துக்கு ஊறும். அம்மம்மாவைப் போல ஒருவர் வீட்டில் இருக்கும்போதே இருந்து பெயர்களைக் கேட்டு எழுதிவிடுங்கள்.

*

அக்கா மேலே எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் லண்டனில் இருக்கிறேன், சொந்த இடம் மன்னார்ப் பக்கம். எங்களுக்கு ஒன்றுகூடல் என்றால் மடு மாதா கோவில்தான். ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு முந்திய கிழமையே போய்க் காட்டு மரங்களுக்குக் கீழே கூடாரம் போட்டுவிடுவோம். சமைப்பது, குளிப்பது, படுப்பது, செபமாலை சொல்வது எல்லாம் அங்கேதான். சிலாபம், நீர்கொழும்பில் இருந்து வருகிற சிங்களக் குடும்பங்களும் பக்கத்தில் இருப்பார்கள். அவர்கள் தேங்காய் தருவார்கள், நாங்கள் கருவாடு கொடுப்போம்.

2023 இல் தண்ணீர் வரிசையில் நின்றேன். முன்னால் ஒரு அன்ரி. "தம்பி எந்த இடம்?" என்றார். சொன்னேன். "ஆரின்ரை மகன்?" சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டார். அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி, எனக்கு மாமி முறை. 1990 இல் படகில் இந்தியா போய், மண்டபம் முகாமில் இருந்து, பிறகு திரும்பி வந்து அடம்பனில் இருக்கிறார். முப்பத்துமூன்று வருடத்தில் எங்களுக்குள் ஒரு கடிதம்கூட இல்லை. அன்றிரவு எங்கள் கூடாரத்தையும் அவர்கள் கூடாரத்தையும் ஒரே கயிற்றில் இழுத்துக் கட்டினோம். திருவிழா முடிந்து எல்லோரும் வெளிக்கிட்டபோதும் நாங்கள் இன்னொரு நாள் நின்றோம்.

முதலில் எழுதிய அக்காவின் பதிவைப் படித்துவிட்டு அப்பாவிடம் கேட்டேன். மாமியின் கலியாணப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறதாம். மாமியிடம் இல்லை.

*

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். படங்களைக் கொண்டுவாருங்கள் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் காட்டுவதற்கு முதல் வீட்டில் ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள்.

என் தம்பி 2009 மே மாதத்திலிருந்து இல்லை. இருக்கிறானா என்று தெரியாது. 2017 பெப்ரவரி 20 இல் கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து அம்மாவும் போய் இருக்கிறார். கையில் வைத்திருக்கிற படம், அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெருப்பித்தது. அது ஒன்றுதான் தப்பியது. போன வருடம் ஜேர்மனியில் இருந்து வந்த பெரியப்பாவின் மகள், எல்லோரும் சோற்றுக் கோப்பையோடு இருந்த நேரத்தில், அன்போடுதான், ஒரு படத்தை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு வயதில் தம்பி, துவிச்சக்கர வண்டியில், வாயெல்லாம் சிரிப்பு. அம்மா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த நாள் பின்னேரம்தான் வெளியே வந்தார். பாவம், அக்கா என்ன செய்வார். அவரும் சாப்பிடவில்லை.

இப்போது அந்தப் படம் அம்மாவின் தலையணைக்குக் கீழே இருக்கிறது. போராட்டத்துக்குக் கொண்டுபோவதில்லை. அங்கே பழைய படம்தான். "இது என்ரை" என்கிறார்.

*

கிளிநொச்சித் தம்பிக்கு: நீங்கள் எழுதியதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வருவதற்கு முதலே அம்மாவிடம் தனியாகப் போனில் கேட்டிருந்தாராம், "அத்தானின்ரை படம் இருக்கு, கொண்டுவரட்டோ அக்கா" என்று. அம்மா ஓம் என்று சொல்லி ஒரு மாதம் ஆன பிறகுதான் அந்தச் சூட்கேஸ் எங்கள் முற்றத்துக்கு வந்தது. எனக்கு அது தெரியாது, அதனால்தான் எழுதவில்லை. நீங்கள் சொல்வதுதான் சரி, முதலில் கேட்க வேண்டும்.

லண்டன் தம்பி, மாமியின் கலியாணப் படத்தைத் தபாலில் போடாதீர்கள். முடிந்தால் அடுத்த மடுத் திருவிழாவுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கிணற்றடிப் படத்தில் இருந்த பெண்ணை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கனடாவில் மாமா வீட்டு நிலக்கீழ் அறையில் இன்னொரு பெட்டி இருக்கிறதாம், அதில் 2002க்குப் பிறகு அனுப்பியவை. அடுத்த முறை கொண்டுவருவதாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த அம்மம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, "லக்கேஜிலை போடாதை ராசா, கையிலை கொண்டு வா" என்றார்.