கார்ப்பெட் ஏரியாவுக்குத் தமிழ்: வியாழன் காலைக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், சோழிங்கநல்லூர் (திங்கள் இரவு)

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் முதன்முறையாக அடுக்குமாடி வீடு வாங்குபவர்களுக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழன் காலை அச்சகத்துக்குப் போகிறது. மனையின் பரப்புக்கு எவ்வளவு கட்டலாம் என்னும் தளப்பரப்புக் குறியீடு, நிலத்தில் வீட்டுக்கு உரிய பிரிபடாத பங்கு, பொதுப் பகுதி ஆகியவற்றுக்குச் செய்தித்தாள்களும் பத்திர எழுத்தர்களும் ஏற்கெனவே வழி போட்டுவிட்டார்கள். ஒரே ஒரு சொல்லில்தான் நிற்கிறேன்: கார்ப்பெட் ஏரியா.

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் இதற்குத் தெளிவாகவே பொருள் சொல்கிறது. வீட்டுக்குள் பயன்படும் தரையின் பரப்பு. வெளிச்சுவர், குழாய்கள் இறங்கும் தண்டுவழி, அந்த வீட்டுக்கே உரிய பால்கனி, தாழ்வாரம், திறந்த மொட்டைமாடி இவை சேரா. உள்ளே அறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும்.

‘தரைவிரிப்புப் பரப்பு’ என்று ஓரிரு இடங்களில் கண்ணில் பட்டது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “வீட்டோடு விரிப்பும் சேர்த்துத் தருகிறார்களா?” என்று கேட்டார். அந்தச் சொல்லை அப்போதே விட்டுவிட்டேன்.

இது எனக்கு வெறும் மொழிப்பயிற்சி அல்ல. என் வீட்டை 1,050 சதுர அடி என்று நம்பி வாங்கினேன். குடிவந்த பிறகு நாடா பிடித்து அளந்தால் 735. ஒப்பந்தத்தில் இரண்டு எண்களுமே இருந்தன. இரண்டாவது எண்ணின் பெயர் என்ன சொல்கிறது என்று எனக்குத்தான் விளங்கவில்லை. அடுத்து வாங்குபவருக்கு அது விளங்க வேண்டும். உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாகப்பட்டினம் (செவ்வாய் காலை)

அம்மா, நல்ல கேள்வி. ‘கார்ப்பெட்’ என்பதன் வேர் லத்தீனில் கொய்தல், பறித்தல் என்னும் பொருளுடைய வினை. கம்பளியைப் பறித்து எடுத்துச் செய்த துணி, பிறகு விரிப்பு, பிறகு விரிப்பு விரிக்கக்கூடிய தரை என்று பொருள் நகர்ந்தது. நாம் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. நம் வீட்டில் விரிப்பது பாய். ‘பாய்’ என்ற பெயரே பாய்தல், அதாவது பரவுதல் என்ற வினையிலிருந்து வந்தது. எங்கள் ஊர்க் கடற்கரையில் மரக்கலத்தின் பாயும் அதே பாய்தான். ஒன்று தரையில் பரவுகிறது, மற்றொன்று காற்றில்.

அதன் உடன்பிறப்பு ‘பாவு’. கல் பாவிய முற்றம் என்கிறோம். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. மகிழ்ச்சியில் இருப்பவனைக் ‘கால் தரையில் பாவவில்லை’ என்கிறோம். நளவெண்பாவில், நளன் உருவில் வந்த தேவர்களுக்கு நடுவே தமயந்தி நளனைக் கண்டுகொள்வது அவன் அடிகள் காசினியில், அதாவது நிலத்தில், தோய்வதால். புகழேந்தி தோய்தல் என்றதை ஊர்ப்பேச்சு பாவுதல் என்கிறது. தளம் பாவப்பட்ட இடம், கால் பாவும் இடம், பாய் விரியும் இடம் மூன்றும் ஒரு சொல்லில் அடங்குகின்றன. ஆகவே என் பரிந்துரை: பாவுபரப்பு. வினைத்தொகை, முக்காலமும் கொள்ளும்.

கட்டடப் பொறியாளர், பெருங்குடி (செவ்வாய் மதியம்)

ஐயா, படிக்கப் படிக்க இனித்தது. ஆனால் விற்பனை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் ‘பாவு’ என்றதும் பாவத்தைத்தான் நினைப்பார். விளக்கி முடிப்பதற்குள் முன்பணம் கைமாறிவிடும்.

புதிதாக எதையும் படைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். சொல் ஏற்கெனவே கொத்தனார் வாயில் இருக்கிறது: உள்கூடு. “படுக்கையறை உள்கூடு பத்துக்குப் பதினொன்று” என்று எந்த மேஸ்திரியும் சொல்வார். மனையடி சாஸ்திரம் பார்ப்பவர்களும் அறையை உள்கூட்டில்தான் அளக்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எவ்வளவு என்பதே அதன் பொருள். வீடு கட்டிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது தெரியும். உள்கூட்டுப் பரப்பு என்று எழுதுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். 2019 தமிழ்நாடு கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். உயரம் கூடக் கூட மின்தூக்கிகள், கூடுதல் படிக்கட்டு, தீ விபத்தில் ஒதுங்கி நிற்கும் தளம், தண்ணீரை மேலேற்றும் ஏற்பாடு என்று பொதுப் பகுதி பெருகும். அதெல்லாம் அவசியமானவை, உயிர் காப்பவை. ஆனால் அவற்றின் பரப்பையும் வீடுகளுக்குப் பகிர்ந்து ஏற்றித்தான் அந்தப் பெரிய எண் வருகிறது. நான்கு மாடி வீட்டில் சிறிதாக இருந்த இடைவெளி இருபது மாடியில் ஓர் அறை அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. அந்த அறைக்கும் சேர்த்து வங்கித் தவணை கட்டுபவருக்கு இந்தச் சொல் முதல் பார்வையிலேயே பிடிபட வேண்டும்.

விரிவுரையாளர், மதுரை (செவ்வாய் மாலை)

புழங்கு பரப்பு என்பது என் பரிந்துரை. புழங்குவது என்றால் நடமாடுவது, பயன்படுத்துவது. எளிய தமிழ், விளக்கம் வேண்டாத தமிழ். புழக்கடை என்ற சொல்லும் இதோடு உறவுடையதே.

தமிழாசிரியர், நாகப்பட்டினம்

தம்பி, புழக்கடைக்கும் புழங்குதலுக்கும் உறவில்லை. அது புழைக்கடை. புழை என்பது சிறு வாயில். வீட்டின் பின்புறத்துச் சிறு வாயில் இருக்கும் பக்கம் புழைக்கடை. ஒலி ஒத்திருப்பதால் மயங்குகிறீர்கள்.

பொறியாளருக்கு ஒன்று: உள் + கூடு புணர்ந்தால் உட்கூடு. உட்பொருள், உட்பிரிவு போல. அச்சில் வருவது இலக்கணத்தோடு வரட்டும்.

தட்டச்சர், ஈரோடு (செவ்வாய் இரவு)

நான் இந்தக் குழுவில் அதிகம் எழுதுவதில்லை. ‘புழங்கு’ பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் வளர்ந்த ஊரில் “அவர்களோடு நாங்கள் புழங்குவதில்லை” என்றால், அவர்கள் எங்கள் வீட்டுப் படியேறக்கூடாது, எங்கள் பாத்திரத்தைத் தொடக்கூடாது என்று பொருள். அந்த வாக்கியத்தைக் கேட்டு வாசலில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. மற்ற ஊர்களில் அது நல்ல சொல்லாகவே இருக்கலாம். ஆனால் நான் வாங்கும் வீட்டின் பத்திரத்தில் அந்தச் சொல் வேண்டாம்.

விரிவுரையாளர், மதுரை

அம்மா, இது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பக்கத்தில் புழங்கும் அறை, புழங்கும் பாத்திரம் என்று இயல்பாகவே சொல்கிறோம். ஆயினும் உங்கள் வரிகளைப் படித்த பிறகு அழுத்திச் சொல்ல மனம் வரவில்லை.

ஆசிரியை, கொழும்பு (புதன் காலை)

எல்லோருக்கும் வணக்கம். நீங்கள் எல்லோரும் முதற்பாதியைப் பற்றியே கதைக்கிறீர்கள். எனக்கு இடறுவது பிற்பாதி. யாழ்ப்பாணத்தில் ‘பரப்பு’ என்பது காணி அளவு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். “இரண்டு பரப்புக் காணி சீதனம்” என்றால் ஊரில் எவருக்கும் விளங்கும். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு வாங்குபவர்களில் கணிசமானோர் வடக்கிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் ‘பாவுபரப்பு’, ‘உள்கூட்டுப் பரப்பு’ என்றால் அது எத்தனை பரப்பு என்று கேட்பார்கள். இந்தக் கையேடு சென்னைக்குத்தான் என்பது தெரியும். ஆனால் கலைச்சொல் ஒருமுறை அச்சேறிவிட்டால் கடல் கடந்து வந்துவிடுகிறது. பிறகு எங்களுக்கென்று இன்னொன்று செய்ய வேண்டியிருக்கிறது. தொடர்மாடி, அடுக்குமாடி என்று ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்து நிற்கிறோம்.

சொத்து வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர், சைதாப்பேட்டை (புதன் மதியம்)

பொறியாளர் ஐயாவின் ‘உள்கூட்டுப் பரப்பு’ மீது எனக்கு இரண்டு தடைகள்.

முதலாவது: ‘கூட்டு’. கூட்டுப் பட்டா, கூட்டுக் குடும்பம், கூட்டு வங்கிக் கணக்கு என்று பழகிய கண் இதை எப்படிப் படிக்கும்? பலருக்கும் கூட்டாக உரிய பரப்பு என்றுதான். உங்களுக்கு மட்டுமே உரிய இடத்தைக் குறிக்க வந்த சொல், எல்லாருக்கும் பொதுவான இடத்தைக் குறித்துவிடும். இதைவிடப் பெரிய விபத்து வேறில்லை.

இரண்டாவது: கொத்தனாரின் உள்கூடு ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி. எல்லா அறைகளின் உள்கூட்டையும் கூட்டினால் தடுப்புச் சுவர்கள் அடங்கா. சட்டம் அவற்றைச் சேர்க்கிறது. நாளைக்கு ஒருவர் நாடாவோடு போய் அறை அறையாக அளந்து, குறைகிறது என்று வழக்குத் தொடுத்தால், நீங்கள் தந்த சொல்லே அவரைத் தவறான இடத்துக்கு அனுப்பியதாக ஆகும்.

கட்டடப் பொறியாளர், பெருங்குடி

இரண்டாவது தடைக்கு முதலில் பதில். சொல்லுக்குள் முழு வரையறையும் இருக்க வேண்டுமென்றால் எந்தச் சொல்லும் நிற்காது. வெள்ளாடு வெள்ளையாகவா இருக்கிறது? வரையறையைக் கையேடு சொல்லட்டும். சொல் வாசகரை வாசல்வரை கொண்டுவிட்டால் போதும். வீட்டையே ஒரு கூடாக எண்ணினால் அதன் வெளிச்சுவருக்கு உட்பட்டது எல்லாம் உள்கூடு. தடுப்புச் சுவர் அந்தக் கூட்டுக்குள்தானே நிற்கிறது?

மேலும், நாடா பிடிப்பவர் பூச்சுக்கு முன்பா பின்பா என்று கேட்பார், ஓடு ஒட்டிய சுவரா என்று கேட்பார். அலுமினியப் பலகை அடைத்துச் சுவரையும் தளத்தையும் ஒன்றாகக் கான்கிரீட் ஊற்றும் கட்டடங்களில் செங்கல் சுவரை விடச் சுவர் மெலிது. இவற்றை எந்தச் சொல்லாலும் தீர்க்க முடியாது.

‘கூட்டு’ பற்றிய தடை உண்மையானது. எனக்கு உறைக்கவில்லை, நன்றி. அப்படியானால் திரிக்காமல் ‘உள்கூடு அளவு’ என்று எழுதலாமா? கொழும்பு ஆசிரியையின் தடையும் அதில் தீர்கிறது.

தமிழாசிரியர், நாகப்பட்டினம் (புதன் மாலை)

“நெடிலோடு உயிர்த்தொடர்க் குற்றுகரங்களுள் டறஒற்று இரட்டும் வேற்றுமை மிகவே.” நன்னூல் தெளிவாக இருக்கிறது: வேற்றுமைத் தொடரில் ‘கூடு’ என்பது ‘கூட்டு’ என இரட்டும். கூட்டினது அளவு என்று விரித்தால் அது வேற்றுமை. உட்கூட்டளவு என்றே வரும். ‘உள்கூடாகிய அளவு’ என்று இருபெயரொட்டாகக் கொண்டால் இரட்டாமல் விடலாம். ஆனால் ‘உள்கூடு அளவு’ என்று பிரித்து எழுதுவது குற்றியலுகரத்தை அநாதையாக விடுவது போலிருக்கிறது. மிகவே என்றதால் விதிவிலக்கும் உண்டு என்பீர்கள், தெரியும்.

இந்த நேரத்தில் வேறொன்று. மொட்டைமாடி என்று எழுதியிருக்கிறீர்கள். புகார் நகரத்தைப் பாடும்போது இளங்கோ ‘வேயா மாடமும்’ என்கிறார். கூரை வேயாத மாடம். நிலாமுற்றம் என்பது உரை. கடலோர நகரத்தின் உயர்ந்த மாடத்துக்கு இதைவிட அழகான சொல் கிடையாது. கையேட்டில் ஓர் இடத்திலாவது வேயாமாடம் என்று போடுங்கள். தளம் என்பதற்கு ‘நிலை’ உண்டு. முல்லைப்பாட்டில் எழுநிலை மாடம் வருகிறது. இன்று இருபதுநிலை மாடம் கட்டுகிறவர்களிடம் அந்தச் சொல் போய்ச் சேரவில்லையே என்பது என் வருத்தம்.

மொழிபெயர்ப்பாளர், சோழிங்கநல்லூர்

ஐயா, வேயாமாடம் நெஞ்சை அள்ளுகிறது. ஆனால் நாளை காலை அச்சு. மொட்டைமாடி இருக்கட்டும்.

கட்டடப் பொறியாளர், பெருங்குடி (புதன் இரவு)

கடைசியாக ஒன்று. இன்று மாலை தளத்தில் எங்கள் மேஸ்திரியிடம் கேட்டேன். அறுபது வயதைத் தாண்டியவர், விழுப்புரத்துக்காரர். உள்கூடு என்றதும் கையை அகல விரித்துக் காட்டினார். எங்களிடம் கம்பி கட்டுபவர்களும் பலகை அடைப்பவர்களும் இன்று பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கிறார்கள். நல்ல உழைப்பாளிகள். அவர்களில் இரண்டு இளைஞர்கள் உள்கூடு என்ற சொல்லை இவரிடமிருந்து கற்று, அளக்கும்போது அதையே சொல்கிறார்கள். தமிழ்ப் பொறியாளர்களாகிய நாங்கள் சொல்வதில்லை. எங்கள் வரைபடத்தில் அது இல்லை. ரசமட்டம், மூலைமட்டம், தூக்குக்குண்டு என்ற கருவிப் பெயர்களெல்லாம் இந்தத் தலைமுறை மேஸ்திரிகளோடு தளத்தை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒன்றையாவது அச்சில் ஏற்றிவிடலாம் என்பதால்தான் இவ்வளவு மன்றாடுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், சோழிங்கநல்லூர் (வியாழன் அதிகாலை)

தனி மடல்களையும் சேர்த்து எண்ணிவிட்டேன். உள்கூட்டின் ஏதோ ஒரு வடிவத்துக்கு ஆறு பேர், புழங்கு பரப்புக்கு இரண்டு பேர், பாவுபரப்புக்கு ஒருவர். கையேட்டில் ‘உள்கூடு அளவு’ என்று போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் பக்கத்திலேயே கார்ப்பெட் ஏரியா என்றும் இருக்கும். ஒப்பந்தத்தில் அந்தப் பெயரைத்தானே அவர்கள் பார்க்கப் போகிறார்கள். தடுப்புச் சுவர் சேரும், பால்கனி சேராது என்பதைக் கட்டம் கட்டி, ஒரு படமும் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் மீண்டும் வாசித்துக் காட்டினேன். இந்த முறை கேள்வி கேட்கவில்லை; எங்கள் கூடத்தைச் சுற்றிப் பார்த்து, “அப்படியென்றால் இது மட்டும்தான் நமக்கு” என்றார்.

தமிழாசிரியர், நாகப்பட்டினம்

வாழ்த்துகள் அம்மா. இரண்டாம் பதிப்பிலாவது உட்கூட்டளவு ஆக்குங்கள்.

வழக்கறிஞர், சைதாப்பேட்டை

ஆறு பேரில் நான் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். பத்தடி அறையின் நீளமும் உள்கூடு அளவு, வீடு முழுவதும் 735 சதுர அடி என்பதும் உள்கூடு அளவு என்றால், நீளத்தையும் பரப்பையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். ‘பரப்பு’ என்ற சொல்லை விட்டதற்கு இதுதான் விலை. வேறு நல்ல சொல் கிடைக்கும்வரை என் வரைவுகளில் கார்ப்பெட் ஏரியா என்றே எழுதுவேன்.