பழைய சினிமா டிஸ்க் (விசிடி, டிவிடி) தேடிப் போன இடத்தில் மனசில் தங்கிவிட்ட ஒரு சம்பவம், உங்களுக்கும் உண்டா?

வேலந்தாவளத்தான்

கொழிஞ்சாம்பாறையில் கேசட் கடை வைத்திருந்த சேட்டன் கடையைக் காலி செய்கிறார் என்று தெரிந்ததும் லீவு போட்டுவிட்டுப் போனேன். வாடகைக் கடைச் சரக்கு எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கவர் தனி, டிஸ்க் தனி. கவரெல்லாம் வெயிலில் வெளுத்து ஹீரோக்கள் முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. டிஸ்க்குகளைத் தண்டில் கோர்த்து அடுக்கியிருந்தார். பெரும்பாலும் விசிடி, படத்துக்கு இரண்டு, நீளமான படமென்றால் மூன்று. மோசர் பேயர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கிய காலத்துச் சரக்கும் கொஞ்சம் இருந்தது. மொத்தமும் 600 ரூபாய் என்று பேசி முடித்தேன்.

சாக்கில் கட்டும்போதுதான் அடியில் அந்த நீள நோட்டைப் பார்த்தேன். வாடகைக் கணக்கு. சும்மா புரட்டினால் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: வேலந்தாவளம் சாயக்கட. அங்கே செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தில் எதிரில் டீக்கடை வைத்திருந்தது என் அப்பா. பெயருக்கு நேரே படங்கள். அநேகமாக எல்லாம் மலையாளம்.

எங்கள் அப்பா மலையாளப் படம் பார்க்க மாட்டார். நாங்கள் டிவியில் வைத்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். “அவங்க பேசறது எனக்கு எங்கெ வெளங்குது” என்பார். நாற்பது வருஷம் கேரளா ரேஷன் கார்டு வைத்திருந்த மனுஷன். விரல் வைத்து எண்ணினேன். 2005, 2006 இரண்டு வருஷத்தில் முப்பத்தொரு படம், அதில் தமிழ் நாலே நாலு. கடைசி வரியில் திரும்பி வந்த தேதி எழுதும் கட்டம் காலி. சேட்டன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்த வரியில் விரலை வைத்து, “இது திரிச்சு வந்நிட்டில்லல்லோ” என்று சிரித்தார்.

அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வீட்டில் அந்த டிஸ்க் இல்லை, தேடிவிட்டேன். அம்மாவிடம் கேட்டால், “அவருக்கு ஏதுடா மலையாளம்” என்கிறாள்.

குழித்துறை ஆத்தங்கரை

என்னுடையது போலீஸ் கதை. திருட்டு விசிடிக்காரர்களையும் குண்டாஸ் சட்டத்தில் சேர்த்தது 2004ல். அதற்கு ஒன்றிரண்டு வருஷம் கழித்து நடந்தது. திருவனந்தபுரத்தில் சம்பளப் பணத்தில் ஒன்பது ஒரிஜினல் டிவிடி வாங்கிக்கொண்டு மார்த்தாண்டம் பஸ்ஸில் வருகிறேன். வழியில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார்கள். டிஸ்க்கைப் பார்த்ததும் என்னை மட்டும் இறக்கிவிட்டார்கள்.

ஏட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலில் சாய்த்துப் பார்த்தார். அடிப்பக்கம் வெள்ளியாக இருந்தால் ஒரிஜினல், ஊதாவாக இருந்தால் திருட்டு, அதுதான் அவர் கணக்கு. ஒன்பதும் வெள்ளி. பத்தாவதாக ஒன்று ஊதாவில் வந்தது. சித்தப்பா மகள் கல்யாண வீடியோ அது! சொன்னால் நம்பவில்லை. பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடையில் போட்டுப் பார்த்தார்கள். பந்தியில் இலை போட்டு ரசம் ஊற்றும் வரைக்கும் நாலு போலீஸ்காரர்களும் நின்று பார்த்தார்கள்.

கடைசியில் பையை என் கையில் கொடுத்துவிட்டு ஏட்டு கேட்ட கேள்வியைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு உண்மையான அக்கறையோடு கேட்டார்: “எதுக்குடே இவ்வளவு ரூவா குடுத்து வாங்குத? சந்தையில முப்பது ரூவாய்க்கு மூணு படம் உள்ள டிஸ்க் கெடைக்கே.”

ஒலவக்கோடு ஜங்ஷன்

எல்லாரும் சாக்கு சாக்காக அள்ளிக்கொண்டு வந்து வீட்டை அடைக்கிறீர்கள். எல்லாம் போனில் இருக்கிறது. டிவிடியைத் தபாலில் அனுப்பித் தொழில் தொடங்கிய நெட்ஃப்ளிக்ஸே 2023ல் அதை மூட்டை கட்டிவிட்டது. எனக்கு டிஸ்க் அனுபவம் என்றால், பரணில் இருந்து ஒரு பெட்டி என் தலையில் விழுந்தது, அவ்வளவுதான்.

செங்கோட்டை பாசஞ்சர்

ஒலவக்கோடு நண்பரே, போனில் இருப்பது உங்களுடையது இல்லை. உரிமம் முடிந்த அன்று படத்தை எடுத்துவிடுவார்கள், உங்களிடம் கேட்க மாட்டார்கள். மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர், நம்ம எல்லைக்காரர். அந்தப் படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. யாராவது ஒருத்தர் பரணில் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், தலையில் விழுந்தாலும் பரவாயில்லை.

குழித்துறை அண்ணாச்சி, ஊதா எல்லாம் திருட்டும் இல்லை, வெள்ளி எல்லாம் ஒரிஜினலும் இல்லை. வீட்டில் பதிகிற டிஸ்க்கில் சாயப் பூச்சு இருக்கிறது, அதனால் ஊதா. அச்சில் அடித்துவிட்டால் திருட்டு டிஸ்க்கும் பளபளவென்று வெள்ளியாகத்தான் இருக்கும். உங்கள் ஏட்டு பாதிதான் படித்திருக்கிறார். வேலந்தாவளத்துக்காரரே, அந்தப் படங்களை உங்கள் அப்பா லாரி டிரைவர்களுக்குப் போட்டுக் காட்ட எடுத்திருப்பார். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

என் அனுபவம் சின்னது. மச்சான் அமெரிக்காவில் இருந்து ப்ளூரே (டிவிடிக்கு அடுத்து வந்த டிஸ்க்) ஒன்று கொண்டுவந்தார். சொந்தக்காரர்களை எல்லாம் உட்காரவைத்து, விளக்கை அணைத்துப் போட்டேன். ‘இந்தப் பிராந்தியத்தில் ஓடாது’ என்று ஒரு வரி வந்தது. அந்த நீல வெளிச்சத்தில் பதினாலு முகமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அமெரிக்க டிஸ்க்கின் பிராந்தியக் குறி ஏ, நம் பிளேயருக்கு சி. டிவிடி என்றால் அவர்களுக்கு 1, நமக்கு 5. வெளிநாட்டில் இருந்து வரவழைப்பவர்கள் இதை முதலில் பாருங்கள்.

சாக்கு என்று சொன்னதால் சொல்கிறேன். சாக்கிலும் வைக்காதீர்கள், படுக்கப்போட்டும் அடுக்காதீர்கள். நிற்கவையுங்கள். எங்கள் ஊரில் சாரல் தொடங்கினால் மூன்று மாசம் சுவரே வேர்க்கும், டிஸ்க்கில் பூஞ்சை கோலம் போடும். செருப்பு டப்பாவில் வருகிற சிலிக்கா பொட்டலத்தை எறியாமல் பெட்டிக்குள் போடுங்கள். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவில் இருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும். விசிடியில் படம் இருப்பது மேல்பக்கம், பெயர் அச்சிட்ட பூச்சுக்கு அடியிலேயே. அதனால் அடியில் கீறினால்கூடத் தப்பிக்கும், மேலே பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் போச்சு. டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் தகடுக்கு நடுவே, பத்திரமாக. ப்ளூரேயில் அடிப்பக்கம் 0.1 மில்லிமீட்டர் உள்ளேயே இருக்கிறது, மேலே கெட்டிப் பூச்சு உண்டு என்றாலும் கல்லில் தேய்க்க முடியுமா? பற்பசை போட்டுத் தேய்க்கிற வைத்தியத்தையும் விடுங்கள். பிளேயர் இருப்பவர்கள் அதை விற்காதீர்கள். சாம்சங் 2019லேயே அமெரிக்காவில் புது ப்ளூரே பிளேயர் மாடல் இறக்குவதை நிறுத்திவிட்டது. அப்புறம் முக்கியமானதை எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவையுங்கள், அதுவும் ஒன்றில் இல்லை, இரண்டில்.

லயத்து வீடு

செங்கோட்டை அண்ணே, கீறல் விழுந்ததை எப்படிச் சரி செய்வது என்று யாரும் கேட்கவில்லையே. என் கதையே கீறல்தான்.

வண்டிப்பெரியார் பக்கம் எஸ்டேட் லயத்தில் வளர்ந்தேன். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் குமுளி அடைத்துக்கிடந்தது ஞாபகம் இருக்கும். கம்பத்துக்குப் போக முடியாது, புதுப் படம் வராது. வீட்டில் ஓடுகிற நிலையில் இருந்தது ஒரே டிவிடி, கம்பம் பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. தினமும் அதுதான். அதில் என் தம்பி உபயத்தில் ஒரு கீறல். தங்கச்சி கல்யாணம் நின்றுபோகிற கட்டம் வரும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து, கொஞ்ச நேரம் உறைந்து, அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும்.

அந்த இடம் வந்ததும் அம்மா அடுப்படியில் இருந்தே கதை சொல்லும். “இப்ப அவ அண்ணனப் பாத்துக் கேப்பா. நீ படிக்கலைன்னு நான் படிப்ப விட்டேன், நீ குடிச்சேன்னு நான் கொழுந்து எடுக்கப் போனேன், இப்ப என் கல்யாணத்தையும் நீதான் நிறுத்துறியா?” சபை நடுவே மாலையைக் கழற்றி அண்ணன் காலடியில் போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்றும் சொல்லும். வார்த்தை மாறாமல் ஒவ்வொரு தடவையும். எனக்கு அந்தப் படத்தில் பிடித்த காட்சியே அதுதான், நான் பார்க்காத காட்சி.

மூன்று வருஷம் முன்பு திருப்பூர் ஹாஸ்டலில் போனில் அந்தப் படம் வந்தது. வந்ததும் வராததுமாக அந்த இடத்துக்கு ஓட்டினேன். தங்கச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், அண்ணன் தலையில் அடித்துக்கொள்கிறான், பாட்டு வந்துவிடுகிறது. தேயிலையும் இல்லை, மாலையும் இல்லை.

அம்மாவுக்குப் போன் போட்டு, “தியேட்டர்ல நீ பாத்தப்ப வேற மாதிரி இருந்துச்சாம்மா?” என்று கேட்டேன். “நான் எங்க தியேட்டர்ல பாத்தேன்” என்றது. வேறு எதுவும் சொல்லவில்லை, மழை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது.

நகரி மாந்தோப்பு

இந்தப் பக்கம் ஆந்திர எல்லையில் இருந்து ஒன்று. தொண்ணூறுகளில் வந்து ஒரு வாரம்கூட ஓடாத ஒரு தமிழ்ப் படம். போனில் எங்கேயும் இல்லை. விசிடியின் முதல் டிஸ்க் மட்டும் என்னிடம் பதினாறு வருஷமாக இருக்கிறது. இடைவேளை வரைக்கும் தெரியும், கொலை செய்தது யார் என்று தெரியாது.

போன சித்திரையில் ஒரு தோப்பில் மாங்காய் பேசப் போயிருந்தேன். குருவி, கிளி வராமல் இருக்க மரத்துக்கு மரம் டிஸ்க் கட்டித் தொங்கவிடுவது இங்கே வழக்கம், காற்றில் சுழன்று மின்னும். பழக்க தோஷம், அண்ணாந்து ஒவ்வொரு டிஸ்க்காகப் படித்துக்கொண்டே நடந்தேன். ஏழாவது மரமோ எட்டாவது மரமோ, அந்தப் படத்தின் பெயர். பக்கத்தில் 2 என்ற எண்.

ஏணி வைத்து ஏறிப் பிடித்தேன். வெள்ளிப் பூச்சு வெயிலில் உரிந்து, பெயர் இருந்த பக்கம் மட்டும் பிறை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மிச்சமெல்லாம் வெறும் கண்ணாடி. அதன் வழியாக மாவிலையின் நரம்புகூடத் தெரிந்தது. கீழே இருந்து தோட்டக்காரத் தாத்தா, “எடுத்துக்கோ நாயனா, ஆனா அந்த மரத்துக்கு வேற ஒண்ணு கட்டிட்டுப் போ” என்றார். காரில் கிடந்த ஒரு பாட்டு சிடியைக் கட்டிவிட்டு வந்தேன்.

செங்கோட்டை ஐயா, இதற்கு வைத்தியம் கிடையாது என்று எனக்கே தெரியும். எழுதிவிடாதீர்கள்.

செங்கோட்டை பாசஞ்சர்

எழுதவில்லை. ஆனால் டிஸ்க் 1ஐயாவது இன்றைக்கே ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள்.

குழித்துறை ஆத்தங்கரை

நகரிக்காரரே, படத்தின் பெயரைச் சொல்லுங்கள். இங்கே ஒரு கடையில் இன்னும் மூன்று மூட்டை பிரிக்காமல் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.

வேலந்தாவளத்தான்

செங்கோட்டைக்காரர் சொன்னதை யோசித்தேன். கடையில் டிவி கிடையாது, ரேடியோ மட்டும்தான். நேற்று ராத்திரி நோட்டை மறுபடி எடுத்துத் தேதிகளைப் பழைய காலண்டரோடு ஒத்துப்பார்த்தேன். எல்லாமே சனிக்கிழமை எடுத்திருக்கிறார், திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஞாயிறு கடை லீவு. அன்றைக்கு அம்மாவும் நாங்களும் பொள்ளாச்சி அம்முச்சி வீட்டுக்குப் போய்விடுவோம். கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அவர் மட்டும் வீட்டில் இருந்துவிடுவார்.