புதுப்பிப்பு: திங்கட்கிழமை காலையில் கிளம்ப மறுத்த கார்

சனி, ஞாயிறு நிறுத்தி வைத்தால் திங்கட்கிழமை காலையில் என் கார் ‘டக் டக்’ என்ற ஒலியோடு நின்றுவிடுகிறது என்றும், புது பேட்டரி போட்ட பிறகும் அது தீரவில்லை என்றும் முன்பு எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது, பழைய பேட்டரியின் மேல் பழி போட்டதற்காக எனக்குச் சற்று வெட்கமாகவும் இருக்கிறது.

என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 14.2 வோல்ட் காட்டியதால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மீது சந்தேகமில்லை. எனவே நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, இடையில் மின்னோட்டத்தை அளக்கும் மல்டிமீட்டரை இணைத்து, கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருந்தபோது, 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டிய கசிவு (கார் நிற்கும்போதும் பேட்டரியிலிருந்து ஓடும் மின்னோட்டம்) 0.45 ஆம்பியரில் நின்றது. (மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.) ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில், உள்விளக்குகளுக்கான ஃபியூஸை எடுத்ததும் அளவு சட்டென்று இறங்கியது.

டிக்கி விளக்கும் அதே ஃபியூஸில்தான் வருகிறது என்பதால், கைபேசியில் வீடியோப் பதிவை ஓடவிட்டு, டிக்கிக்குள் வைத்து மூடினேன். பதிவு முழுவதும் வெளிச்சமாக இருந்தது! மூடியின் சுவிட்ச் சிக்கிக்கொண்டதால் விளக்கு அணையவே இல்லை. வெறும் 5 வாட் பல்புதான்; ஆனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர்-மணி குடித்துவிடும் என்பதால், இரண்டரை நாளில் என் 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் காலியாகிவிடுகிறது. வார நாட்களில் நான் ஓட்டுவதோ பத்துப் பத்து நிமிடப் பயணங்கள். இழந்ததை ஈடுகட்ட அவை போதவில்லை.

சுவிட்சை மாற்றி மூன்று வாரங்களாகின்றன. இன்று காலை, கிளப்புவதற்கு முன், பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது, அதாவது முழு சார்ஜ்.